மலையும் சிற்றலையும்

கல்வராயன் மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்தான். நாடு சுதந்திரம் பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்தும் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் அந்த மலை கிடந்தது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது ஜாகிர்தார்கள் தரப்பு வழக்கு. நெருக்கடி நிலைக் காலத்தில் ஜாகிர் முறை ஒழிந்தது. கீழே கள்ளக்குறிச்சியில் தபாலாபீசும் தாலுகா கச்சேரியும் எத்தனையோ காலமாக நடந்துகொண்டிருக்க, மேலே இருந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு என்பது அப்போதுதான் அறிமுகமானது. சாலை அதற்குப் பிறகு வந்தது. செல்போன் அதற்கும் பிறகு.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் வெள்ளிமலை. அதுதான் மலைத் தாலுகாவின் தலைமையிடம். மறுபக்கம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறை. நடுவில் 2000 அடியிலிருந்து 3000 அடி வரை ஏறி இறங்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகள். அந்த மடிப்புகளுக்குள் சிதறிய சிற்றூர்கள். போனில் நாலு வார்த்தை பேச வேண்டுமானால் வீட்டை விட்டு மேட்டுக்கு ஏறவேண்டிய ஊர்கள் இந்த மலையில் நிறைய இருந்தன. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, நாடு முழுவதும் சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோகும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மலை ஊர்களின் நம்பிக்கை அப்படிப்பட்ட திட்டங்களில்தான் இருக்கிறது. கோபுரம் நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், அந்தக் கோபுரத்துக்கு மின்சாரமும் கேபிளும் எந்த வழியாக ஏறி வருகின்றன என்று ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு மரம் சாய்ந்தால் போதும்.

அந்த வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2024 கடைசியில் கள்ளக்குறிச்சி மாவட்டம் பார்த்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறிய ஃபெஞ்சல் புயல், வழக்கம்போல் ஓடிவிடாமல் நிலத்தின் மீதே தங்கிப் பெய்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. மேகம் மேற்கே நகர நகர, திருவண்ணாமலையும் கிருஷ்ணகிரியும் கள்ளக்குறிச்சியும் நனைந்தன. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று கரையோர ஊர்கள் வரிசையாக அந்த வெள்ளத்தின் பாதையில் இருந்தன. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே ஆறாகி, போக்குவரத்து நின்றது. முன்னறிவிப்பில்லாமல் அணையைத் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். பலமுறை எச்சரித்துவிட்டே திறந்தோம் என்றது அரசு. எச்சரிக்கை புறப்பட்டதா என்ற கேள்வியில் அரசியல் சூடுபிடித்தது. போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த இடத்திலிருந்து பதில் திரும்பி வந்ததா என்பதை யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், நூறு ஆண்டுக்குமேல் பழகிய ஒரு பதில் கைவசம் இருக்கிறது. ஹாம்கள் என்று அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள், ஊர் ஊராக அமர்ந்து ஒரே அலைவரிசையில் ஒருவர் குரலை இன்னொருவர் கைமாற்றி விடும் ஏற்பாடு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் நெட்.

அதன் பிறப்பு ஒரு வால்வு வாங்கப்போன கதை. 1914 ஏப்ரல். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹைரம் பெர்சி மாக்சிம் என்ற பொறியாளருக்கு ரேடியோ வால்வு ஒன்று தேவைப்பட்டது. முப்பது மைல் தள்ளி ஸ்பிரிங்ஃபீல்டில் ஒருவரிடம் அது விலைக்கு இருந்தது. மாக்சிமிடம் இருந்ததோ ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். ஆனாலும் அன்றிரவு முப்பது மைல் போகவில்லை. இடையில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த ஒரு ஹாம், செய்தியை வாங்கி அப்பால் தள்ளிவிட்டார். காரியம் முடிந்தது. இப்படி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றினால் நாடு முழுக்கச் செய்தி போகுமே என்று மாக்சிமுக்குத் தோன்ற, அந்த ஆண்டே அமெரிக்க ரேடியோ ரிலே லீக் பிறந்தது. துப்பாக்கியின் வெடிச்சத்தத்தை அடக்கும் கருவியைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். இவருடைய அப்பாதான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். சத்தத்தை அடக்கத் தெரிந்தவரே குரலைத் தூரம் கொண்டுபோகவும் வழி சொன்னார்.

அதற்கு முந்திய ஆண்டே, 1913 மார்ச்சில், ஒஹையோ மாநிலத்தில் பெருவெள்ளம் தந்திக் கம்பிகளை அறுத்தபோது மாணவர்களும் அமெச்சூர்களும் வயர்லெஸில் செய்தி கடத்தியிருந்தார்கள். அது தற்செயலாக நடந்த உதவி. லீக் வந்த பிறகு அதை ஏற்பாடாக்கினார்கள். 1935-ல் அவசரகாலத்துக்கென்றே தனிப் படையைப் பதிவு செய்தார்கள். 1965-ல் பெட்ஸி புயலின்போது தொடங்கிய புயல் கண்காணிப்பு நெட், இன்றைக்கும் அட்லான்டிக்கில் புயல் உருவானால் கூடுகிறது. இங்கே ஒரு விஷயத்தை அடிக்கோடிட வேண்டும். செட் வாங்குவது சுலபம். யார் எப்போது பேசுவது, யார் கேட்டுக்கொண்டிருப்பது, எந்தச் செய்தி முதலில் போவது என்ற பழக்கம் பல ஆண்டு ஓட்டத்தில்தான் கைவரும்.

நம் பக்கத்துக் கதையும் அதே காலத்தில்தான் தொடங்குகிறது. இந்தியாவில் முதல் ஹாமாக அறியப்படுபவர் அமரேந்திர சந்திர குப்து. 1921-ல் 2 ஜே.கே. என்ற கால்சைனோடு, அதாவது அலையில் அடையாளம் சொல்லும் பெயரோடு, ஒலிபரப்பினார். மூன்று ஆண்டு கழித்து, 1924 மே 16 அன்று, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். ஜூலை 31-ல் 40 வாட் டிரான்ஸ்மிட்டரில் ஒலிபரப்பு ஆரம்பம். அரசாங்க நிலையம் எதுவும் இல்லாத காலம் அது. ஆசைக்காகக் கைக்காசு போட்டு நடத்திய கிளப்புக்குக் காசு தீர்ந்தது. 1927 அக்டோபரில் கடையைக் கட்டினார்கள். டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி அதை வைத்து ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்து அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் வானொலி என்ற பெரிய மரத்துக்கு விதை போட்டது அமெச்சூர்கள். மரம் வளர்ந்ததும் அவர்களை மறந்துவிட்டோம்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஹாம் லைசென்ஸ்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சிலர் நிறுத்தவில்லை. 1942 ஆகஸ்டுப் புரட்சியின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயிலிருந்து நடத்திய ரகசியக் காங்கிரஸ் வானொலிக்கு டிரான்ஸ்மிட்டர் செய்து கொடுத்தது நரிமன் பிரின்டர் என்ற ஹாம். போர் முடிந்தபின் ராணுவம் கழித்துக்கட்டிய செட்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றைத் தேடி வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் அடுத்த தலைமுறை ஹாம்கள் தொழில் பழகினார்கள். 1948 மே 15-ல் மாவ் ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் உருவானது.

ஜாகிர்தார்கள் கல்வராயன் மலையை விட்டு இரண்டு ஆண்டு கழித்து, 1978-ல், அமெச்சூர் சேவைக்கான இந்திய வயர்லெஸ் விதிகள் வந்தன. தேர்வு, கால்சைன், லாக் புத்தகம், எந்த அலைவரிசையில் எவ்வளவு வாட் என்று எல்லாவற்றையும் அந்த விதிகள் வரையறுத்தன. சாதாரண நாளில் ஒரு ஹாம் அடுத்தவருக்காகச் செய்தி கடத்த முடியாது. கல்யாணச் செய்தி சொல்லக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று வந்தால் மட்டும் விலக்கு: உரிய அரசு அதிகாரி கொடுக்கும் செய்தியைக் கடத்தலாம். அந்த அதிகாரிகளின் வரிசையில் மாவட்ட ஆட்சியரும் வருகிறார். பேரிடர் மேலாண்மைச் சட்டம் வருவதற்கு 27 ஆண்டு முன்பே, ஆட்சியரையும் ஹாமையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதிவிட்டார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் வயர்லெஸ் என்ற சொல்லுக்கே எண்பதுகளில் ஒரு நிழல் விழுந்தது. 1986 நவம்பரில் சென்னையில் ஈழ இயக்கங்களின் தகவல் தொடர்புக் கருவிகளைப் போலீஸ் பறிமுதல் செய்ததும், பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்ததும், கருவிகள் திருப்பித் தரப்பட்டதும் அன்றைய தலைப்புச் செய்திகள். அதன் பிறகு மொட்டை மாடியில் கம்பி கட்டும் எவரையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிதான் பார்த்தார். லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ராஜீவ் காந்தியே லைசென்ஸ் பெற்ற ஹாம் என்பதும், எண்பதுகளில் ஹாம் கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கு கிடைத்தது என்பதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது.

வரி விலக்கு கிடைத்தாலும் ஜப்பான் செட் வாங்க எல்லோராலும் முடியுமா? கையால் செய்வதுதான் இந்திய ஹாமின் வழி. அதில் உச்சம், ஹைதராபாத் அஷார் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட். டிவி, டேப்ரெக்கார்டர் கடைகளில் கிடைக்கும் சாமான்களை வைத்தே டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் ஒரே பலகையில். காயில் சுற்றுவதற்கு வெளிநாட்டு வளையம் கிடைக்காதவர்களுக்கு அவர் சொன்ன மாற்று, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷர். ஹார்டுவேர் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் அந்த வாஷரின் மேல் மெல்லிய செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி உலகத்தோடு பேசியவர்கள் எத்தனையோ பேர். சென்னை ரிச்சி தெருவில் சாமான் பொறுக்கத் தெரிந்த பாலிடெக்னிக் மாணவனுக்கு இது எட்டாத வித்தை அல்ல. வெளிநாட்டு ஹாம்களும் இதைப் பார்த்துச் செய்தார்கள் என்பது நமக்கு ஒரு சின்னப் பெருமை.

செட் இருந்தால் பேச்சு வரும். காலையில் காபி குடிக்கும் நேரத்தில் 40 மீட்டர் அலையில் காது வைத்தால், ஹைதராபாத் பக்கத்துச் சார்மினார் நெட் போன்றவை கேட்கும். நெட் கன்ட்ரோல் ஒருவர். அவர் பெயர் கூப்பிடக் கூப்பிட, ஊர் ஊராக ஹாம்கள் வருகைப் பதிவு செய்கிறார்கள். சிக்னல் எப்படி, மழை உண்டா, ஆன்டெனா கம்பி அறுந்துவிட்டதா, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியாயிற்றா. வெளியிலிருந்து கேட்பவருக்கு வெட்டிப் பேச்சு. உள்ளே நடப்பது வேறு: எந்த ஊருக்கு எந்த நேரத்தில் அலை எட்டுகிறது, யாருடைய செட் நம்பகமானது, யார் தினமும் வருகிறவர் என்ற கணக்கு அத்தனை பேர் மனதிலும் பதிந்துகொண்டே இருக்கிறது. பேரிடர் அன்று கைகொடுப்பது இந்தக் கணக்குதான்.

கணக்கு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு 1964 டிசம்பர் 22 இரவைச் சொன்னால் போதும். தனுஷ்கோடியில் கம்பிகள் அறுந்தன. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலை அலை விழுங்கியது. அந்தச் செய்தி வெளியே வரவே நேரமாயிற்று. 2001 ஜனவரி 26-ல் பூஜ் நகரம் இடிந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. குஜராத் ஹாம்களோடு மற்ற மாநிலங்களிலிருந்து போனவர்களும் சேர்ந்து, நிவாரணப் பணிக்குச் சிற்றலையில் தொடர்பு கொடுத்தார்கள்.

ஏறக்குறைய நான்கு ஆண்டு கழித்து நடந்ததுதான் இந்திய ஹாம் வரலாற்றின் பெரிய அத்தியாயம். ஹைதராபாதில் 1983-ல் எஸ். சூரி தொடங்கிய தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். பாதுகாப்புக் காரணங்களால் அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம்களுக்கு அனுமதி கிடைக்காமல் இருந்தது. விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி அது. வந்த நோக்கத்துக்கும் பேரிடருக்கும் சம்பந்தமே இல்லை. அபூர்வமான இடத்திலிருந்து கூப்பிட்டால் உலகத்து ஹாம்கள் எல்லாம் வரிசையில் நின்று பதில் சொல்வார்கள். லாக் புத்தகத்தில் ஒரு புதிய நாடு ஏறும். வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற கால்சைனுக்காக உலகமே காத்திருந்தது. பச்சையாகச் சொன்னால், பொழுதுபோக்கு.

டிசம்பர் 26, ஞாயிறு, காலை ஆறரை மணி. ஓட்டல் அறையில் அவர் ஒலிபரப்பிக்கொண்டிருந்தபோதே தரை ஆடியது. செட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், சில மணி நேரத்துக்குள் மறுபடி அலையில் இருந்தார். இந்தமுறை புள்ளி சேர்க்க அல்ல. அந்தமானுக்கும் நிலப்பகுதிக்கும் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருக்க, துணை ஆணையர் அலுவலகத்தில் ஹாம் நிலையம் அமைந்தது. குழுவினரில் சிலர் கார் நிக்கோபாருக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்டிருந்த அந்தத் தீவிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து நிலப்பகுதிக்கும் செய்திகள் கைமாறின. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னார் முகாமில் இருக்கிறார் என்ற ஒற்றை வரிச் செய்திகள்தான் பெரும்பாலும். கேட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அதன் எடை தெரியும். ஒரு வாரம் முன்பே அனுமதி முடிந்து கிளம்பியிருந்தால்? அல்லது வழக்கம்போல் மனு நிராகரிக்கப்பட்டிருந்தால்? தற்செயலை நம்பி ஒரு தீவுக்கூட்டம் பிழைத்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்தச் சில நாட்கள் நிர்வாகத்தின் காதும் வாயும் ஒரு பொழுதுபோக்குக் குழுவின் கையில் இருந்தன என்பது மிகையல்ல.

அதே நாட்களில் இலங்கையில் விக்டர் குணதிலக்கவின் தலைமையில் இலங்கை ரேடியோ சங்கத்தார் அம்பாந்தோட்டைக்கு விரைந்தார்கள். கார் பேட்டரி, சிற்றலை செட், ஒரு கம்பி. கொழும்பில் பிரதமர் அலுவலகத்தில் மறுமுனை. செயற்கைக்கோள் போனும் செல்போனும் கைவிட்ட இடத்தில் இந்தப் பழைய பாணிச் சாமான்கள் வேலை செய்தன. 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட் செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. அதில் ஒரு கருவியை வடிவமைத்தவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். அது 2014 வரை உழைத்தது. பின்னாளில் 2015 டிசம்பரில் சென்னை மூழ்கி, செல்போன் கோபுரங்கள் ஊமையானபோதும் ஹாம்கள் செட்டுகளோடு இறங்கினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தையும் நாகையையும் மின்சாரமே இல்லாமல் ஆக்கியபோது, கோபுரம் எத்தனை இருந்தாலும் பேட்டரி தீர்ந்தால் அது வெறும் இரும்பு என்பதை டெல்டா மாவட்டங்கள் அனுபவித்தன.

கல்வராயனுக்கு வருவோம். இந்த நிலத்தில் ஒரு நெட் எப்படி உட்காரும்?

ஹாம்கள் கையில் வைத்திருக்கும் வாக்கி-டாக்கி, 144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையில் வேலை செய்வது. நேர்ப் பார்வைக்குத்தான் எட்டும். மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். அதே மலையின் உச்சியில், கேட்டதை உடனே மறுபடி ஒலிபரப்பும் ஒரு ரிப்பீட்டரை வைத்தால் தடை துணையாகிறது. சமவெளியிலிருந்து 900 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்கு ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 120 கி.மீ. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகின்றன. ஆனால் மலை மடிப்புக்குள் இருக்கும் ஊர் மட்டும் அந்த உச்சிக்குத் தெரியாது. சமவெளிக்காரர்கள் மலை உச்சியைப் பயன்படுத்திக்கொண்டு பேசுவார்கள். மலைக்காரர்கள் வழக்கம்போல் வெளியே நிற்பார்கள்.

அவர்களுக்குச் சிற்றலைதான் வழி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் கம்பி; நடுவில் கேபிள். பொதுவாக இதை உயரக் கட்டச் சொல்வார்கள். இங்கே வேண்டுமென்றே தாழ்வாக, இரண்டு கடுக்காய் மரங்களுக்கு இடையே ஆளுயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கில் கட்ட வேண்டும். அலை பக்கவாட்டில் போகாமல் நேரே மேலே ஏறும். அயனி மண்டலத்தில் பட்டு, தோட்டத்து ஹோஸ் குழாயை வானம் பார்க்கப் பிடித்தால் தண்ணீர் சுற்றிலும் விழுவதுபோல, சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குக் கொட்டும். மேலிருந்து விழும் அலைக்கு மலைமுகடு தடையில்லை. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இரவில் 3.5 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தமிழ்நாட்டின் தலைக்கு மேலே அயனி மண்டலம் பகலில் செழிப்பானது; கொடைக்கானல் ஆய்வகம் 1950-களிலிருந்தே அதை அளந்து வருகிறது. மின்சாரத்துக்கு ஒரு டிராக்டர் பேட்டரி. கரும்பு விளையும் மாவட்டத்தில் டிராக்டருக்கா பஞ்சம்? ஐந்து வாட் செட் கேட்டுக்கொண்டிருக்கும்போது இழுக்கும் கரன்ட் மிகக் கொஞ்சம். ஒரு பேட்டரி நாள்கணக்கில் தாங்கும்.

கருவி அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் ஒழுங்கு. நெட்டில் கன்ட்ரோல் கூப்பிடாமல் யாரும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் இரண்டு குரல் மோதி இரண்டுமே கெடும். செய்திக்குத் தர வரிசை உண்டு: உயிர் போகும் அவசரம் முதலில், நிர்வாக அவசரம் அடுத்து, நலம் விசாரிப்பு அதற்குப் பிறகு. மலை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பாம்புக்கடி மருந்து கேட்டுச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'மருந்து சீக்கிரம் அனுப்புங்க' என்றால் அது செய்தியே இல்லை. செய்தி எண், நேரம், அனுப்புகிறவர் பதவி, எந்த மருந்து, எத்தனை குப்பி, எந்தப் பாதை திறந்திருக்கிறது, மொத்தம் எத்தனை சொல். வாங்கியவர் அப்படியே திருப்பிப் படிக்க வேண்டும். எண்ணைச் சொல்லும்போது 'அறுபது' என்பது இரைச்சலில் 'எழுபது' ஆகிவிடும். 'ஆறு, சுழியம்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வதே நல்லது. இதையெல்லாம் ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. வெள்ளம் வந்த இரவில் தலையாரியிடம் ஆல்ஃபா, பிராவோ பேசிக்கொண்டிருக்க முடியாது.

மலைக்கு ஒரு வடிவம் என்றால் ஆற்றுக்கு வேறு. தென்பெண்ணை நெடுக, சாத்தனூர் அருகே ஒன்று, மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, மணலூர்பேட்டையில் ஒன்று, திருக்கோவிலூரில் ஒன்று என்று நான்கு நிலையங்கள் இருந்தால், மதகு தூக்கிய செய்தி தண்ணீருக்கு முன்னால் ஓடும். மாக்சிம் வால்வு வாங்கிய அதே கைமாற்று வித்தைதான். மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. திருக்கோவிலூரில் அரசுக் கல்லூரி இருக்கிறது. ஆளும் இடமும் கிடைக்காமல் போகாது. கோமுகி அணைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் இன்னொரு கண்ணி. ஆற்றுப் பக்கத்துக்காரர்களும் மலைக்காரர்களும் வாரம் ஒருநாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரே அலையில் பெயர் கொடுத்துப் பழகினால் ஓராண்டில் மாவட்டத்துக்கு ஒரு நெட் தயார்.

புயல் வந்தபின் செட் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டும் வழக்கத்தால் இது நடக்காது. பூட்டிய பேட்டரி செத்துப்போகும். பயிற்சி பெற்ற எழுத்தர் வேறு தாலுகாவுக்கு மாறிப் போவார். சொந்த ஆசையால் தினமும் செட்டைத் தட்டிப் பார்க்கிறவர்தான் பேரிடர் அன்றும் ஓடும் செட்டோடு இருப்பார். போர்ட் பிளேர் சொல்வதும் அதையே. ஆசை இருப்பவரை அரசு கண்டுபிடித்து, இடம் கொடுத்து, ஒத்திகைக்கு அழைக்க வேண்டும். அவ்வளவே.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். பழைய மாவட்டங்களுக்கு இருக்கும் பழக்க தோஷம் எதுவும் இன்னும் ஏறாத நிர்வாகம். ஆட்சியரகத்தின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் ஹாம்களுக்கென ஒரு மேசை, அதன்கீழ் 12 வோல்ட் பேட்டரி இணைப்பு, மொட்டை மாடிக்கு ஒரு கேபிள். இதற்கு ஆகும் செலவு மாவட்டக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. வெள்ளிமலையில் தாலுகா அலுவலகத்திலும் அதேபோல் ஒன்று வேண்டும். 1978 விதிகள் ஆட்சியர் கையில் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்த இவ்வளவு இருந்தால் போதும்.

மேசைக்கு ஆள் வேண்டுமே. தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. பள்ளி அறிவியலில் படிக்கும் மின்சாரமும் கொஞ்சம் விதிமுறையும் போதும். அடுத்த நிலைக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் மோர்ஸ். பட்டம் தேவையில்லை. வெள்ளிமலையிலோ சின்னசேலத்திலோ இயற்பியல் நடத்தும் ஆசிரியர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், நாளைக் காலை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: தேர்வு எழுத 12 வயது நிரம்பியிருந்தால் போதும்.